சாக்லேட் உருட்டும் கலம்



சீரக மிட்டாயை அறியாதவர் நம்மில் இரார். ஒரு சிறு விதையைச் சுற்றிச் சர்க்கரை எவ்வாறு இத்துணைச் சீராகப் படிந்தது என்று இளமையில் நான் வியந்ததுண்டு. அதற்கு அச்சு எதுவும் கிடையாது. சாய்ந்து சுழலும் ஒரு கலத்தில் விதைகள் உருண்டுகொண்டே இருக்கும். அவற்றின்மீது பாகு சிறிது சிறிதாக விழும். அது காய்ந்ததும் மீண்டும் பாகு விழும். இவ்வாறு ஏட்டின்மேல் ஏடாக மிட்டாய் வளரும். ஜப்பானியரின் கொன்பெய்தோ என்னும் மிட்டாயும் இம்முறையில் உருவாவதே. 1569-ஆம் ஆண்டில் லூயிஸ் ஃபுரோயிஸ் என்னும் போர்ச்சுக்கீசியப் பாதிரியார் ஓடா நோபுநாகா என்னும் தலைவருக்கு அதனைக் காணிக்கையாக அளித்தார். அது முற்றி வர இரண்டு வாரங்கள் வரை ஆகும். பாகுக்குப் பதிலாகச் சாக்லேட்டை ஊற்றினால் முந்திரியின்மீதும் பாதாமின்மீதும் சாக்லேட் ஏறும். இதனை வீட்டில் செய்வதற்கு எத்தகைய கருவி வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னந்தோப்புகளில் கோகோவை ஊடுபயிராக வளர்ப்பதை நேயர்கள் அறிவீர்கள். அங்கு என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, கோகோ விதையை வறுத்து, மேசைக் கிரைண்டரில் அரைத்து, வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்று வருகிறாள். தோசை மாவுக்கென்று தோன்றிய நம் கிரைண்டரைக் கடல் கடந்த நாடுகளிலும் சிறு அளவில் சாக்லேட் செய்வோர் பயன்படுத்துகின்றனர். சென்ற ஆண்டு அவள் என்னிடம் வந்து, “ஐயா, கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, முந்திரிக்குச் சாக்லேட் பூசும் இயந்திரம் வாங்கலாமென்று இருக்கிறேன்” என்றாள். கணவனை இழந்தவள், இரு குழந்தைகள் படிக்கின்றனர். எனக்கு மனம் துணுக்குற்றது. “அம்மணி, ஒரு மாதம் பொறு. அந்த இயந்திரம் என்ன வேலை செய்கிறதென்று முதலில் நாம் தெரிந்துகொள்வோம், கடன் எங்கும் ஓடிவிடாது” என்றேன்.

முதலில் கிரைண்டரின் கற்களை எடுத்துவிட்டு, கலத்தைச் சாய்த்து முந்திரியைப் போட்டுச் சுழற்றினோம். முந்திரி உருளவில்லை, கலத்தின் சுவரோடு ஒட்டிக்கொண்டு அதனுடனேயே சுற்றியது. வகுப்பில் பல்லாண்டு நான் கற்பித்த பாடமே என்னைப் பார்த்து நகைத்தது. 30 செ.மீ. விட்டமுள்ள கலம் படுத்த நிலையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 77 முறைக்கு மேல் சுழன்றால், உள்ளிருக்கும் பொருள் உச்சியிலிருந்தும் கீழே விழாது. எங்கள் கிரைண்டரோ நூறு முறைக்கும் மேல் சுழன்றது. பொருள் சிறிது மேலேறி, அருவிபோல் சரிந்து விழ வேண்டுமானால் 20 முதல் 30 சுற்றுகள் போதும். ஆகவே முதல் தேவை மெதுவான வேகம்.

வயிறு பருத்து வாய் குறுகிய எவர்சில்வர் தவலை ஒன்றை லேத் பட்டறையில் கொடுத்து, வேகம் குறைக்கும் பற்சக்கரப் பெட்டியுடன் கூடிய சிறு மோட்டாரில் சாய்வாகப் பொருத்தச் செய்தோம். மோட்டாரின் எண்ணெய் கலத்துக்குள் கசியாதபடியும், மின்கசிவு நேர்ந்தால் தரைக்கம்பி காக்கும்படியும் செய்யச் சொன்னேன். இவ்விரண்டிலும் சிக்கனம் கூடாது.

ஆயினும் வழவழப்பான எவர்சில்வரில் முந்திரி உருளாமல் வழுக்கியது. உட்சுவரில் சாக்லேட்டை மெல்லப் பூசி உறையவிட்டதும் பிடிப்பு உண்டாயிற்று. பிறகு எங்கள் அவசரம் வினையாயிற்று. ஒரே முறையில் ஒரு கரண்டி சாக்லேட்டை ஊற்றினோம். முந்திரிகள் ஒன்றோடொன்று பிணைந்து கட்டியாயின. இரண்டு கிலோ முந்திரி வீணாயிற்று. அது அவளுடைய முதல். அன்று அவள் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் உறக்கம் வரவில்லை.

அடுத்தது குளிர்ச்சி. பனிக்கட்டித் தட்டின்மேல் விசிறியை வைத்துக் கலத்துக்குள் காற்றைச் செலுத்தினோம். காற்று குளிர்ந்தது, ஆனால் ஈரமும் உடன் சென்றது. சாக்லேட்டின் மேற்பரப்பு பிசுபிசுத்து மங்கியது. சாக்லேட்டுக்கு ஈரம் பகை. அவள் சாக்லேட் வார்க்கும் சிறு அறையில் குளிர்சாதனம் இருந்தது. அது காற்றைக் குளிர்விப்பதோடு ஈரத்தையும் வடித்துவிடும். அறையின் வெப்பத்தை 18 டிகிரியில் நிறுத்தி, அந்தக் காற்றையே விசிறியால் கலத்தின் வாய்க்குள் செலுத்தியபோது வழி பிறந்தது.

இப்போது அவள் கைக்கொள்ளும் முறை இது. வறுத்து ஆறிய முந்திரிக்கு முதலில் பிசின் கரைசலை மெல்லப் பூசிக் காயவிடுகிறாள். அதனால் முந்திரியின் எண்ணெய் வெளியே கசிவது குறைகிறது. பிறகு ஏறக்குறைய 40 டிகிரியில் உருகிய சாக்லேட்டைச் சிறு கரண்டியால் நூல்போல் விடுகிறாள். ஒரு பூச்சு உறைந்த பின்னரே அடுத்தது. கட்டிச் சாக்லேட்டை வார்க்கும்போது மினுமினுப்புக்காகச் சூட்டை ஏற்றி இறக்கிப் பதப்படுத்த வேண்டும். இதற்கு அது தேவையில்லை. உருளும் உராய்விலேயே மேற்பரப்பு மழமழப்பாகிறது. இறுதியில் பிசினும், உண்ணத்தக்க அரக்கும் பூசினால் பளபளப்பு நிலைக்கிறது. ஒரு கிலோ முந்திரிக்கு அவளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

பெரிய இயந்திரம் வேண்டாததென்று நான் சொல்லவில்லை. தவலைக்கு அடங்காத அளவு வேலை பெருகும் நாளில் அவள் அதனை வாங்கட்டும். அன்று எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்: வேகத்தைக் குறைக்க முடியுமா, காற்றின் குளிரையும் ஈரத்தையும் அடக்க முடியுமா, கழுவுவது எளிதா என்று விற்பவரைக் கேட்பாள். அறியாமையால் வாங்கும் கருவிக்கு நாம் இரு முறை விலை கொடுக்கிறோம்.

சென்ற தீபாவளிக்கு அவள் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள். முந்திரிகள் சில சற்றே கோணலாக இருந்தன, சுவையில் குறையில்லை. சங்கிலி அவள் கழுத்தில் இருந்தது. வீணான இரண்டு கிலோ முந்திரியின் விலையை நான் நீட்டியபோது அவள் வாங்க மறுத்து, “அது பள்ளிக்கூடச் சம்பளம், ஐயா” என்றாள்.