மீன் விலை பேசும் இராணுவக் கோப்புகள்

ஒரு வல்லரசும் ஒரு சின்னஞ்சிறு நாடும் கூட்டாளிகளானால், பெரியது ஆணையிடும், சிறியது தலையாட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அமெரிக்காவும் ஐஸ்லாந்தும் பழகிய விதம் அப்படியல்ல. இதை ஒப்பந்தங்களின் வாசகத்தில் தேடினால் கிடைக்காது. அமெரிக்க அதிபர்களின் ஆவணக் காப்பகங்களில்தான் தேட வேண்டும்.

1949ல் நேட்டோ தொடங்கியபோதே அதில் சேர்ந்த ஐஸ்லாந்துக்குச் சொந்தப் படை கிடையாது. 1951ல் கையெழுத்தான பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி அமெரிக்கப் படை அந்நாட்டின் கெஃப்லாவிக்கில் தங்கியது. வட அட்லாண்டிக்கைக் கண்காணிக்க அது மிகத் தோதான இடம். 1952ல் ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை விரிவாக்கியது. அந்தக் கோபத்தில் பிரிட்டிஷ் மீன்பிடித் தொழிலினர் அந்நாட்டு மீனைத் தங்கள் துறைமுகங்களில் இறக்க விடவில்லை. அடுத்த ஆண்டே சோவியத் யூனியன் எண்ணெயைக் கொடுத்து மீனை வாங்கிக்கொண்டது. அமெரிக்க அதிபர் ஐசனோவர் காலத்துத் தேசியப் பாதுகாப்புக் கழகம் ஐஸ்லாந்து பற்றித் தயாரித்த ஆவணங்களில் இராணுவத் தளத்தோடு இந்த மீன் வணிகமும் பெருங்கவலையாக இடம்பெறுகிறது. 1956 மார்ச்சில் ஐஸ்லாந்து நாடாளுமன்றமான அல்திங், படை வெளியேற வேண்டும் என்று தீர்மானித்தது. ஆண்டு முடிவதற்குள் படை தங்கவே உடன்பாடு வந்தது. ஹங்கேரியில் எழுந்த கிளர்ச்சியைச் சோவியத் படை நசுக்கியதே அதற்குக் காரணம் என்று சொல்லப்பட்டது பொய்யல்ல. ஆனால் அமெரிக்கக் கடனுக்கான பேச்சும் கூடவே நடந்ததைக் கோப்புகள் காட்டுகின்றன. சிறிய நாடு தன் இருப்பிடத்தின் விலையை நன்றாகவே அறிந்திருந்தது.

இவை ஒரு தரப்பின் காகிதங்கள்தானே, எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐஸ்லாந்துத் தலைநகர் ரேக்யவிக்கில் உள்ள ஆவணங்களோடு ஒப்பிட்டுத்தான் இவற்றைப் படிக்க வேண்டும். ஆனாலும், தன் அச்சங்களை எவரும் மேடையில் சொல்வதில்லை. உள்ளறைக் குறிப்பில்தான் எழுதுகிறார்கள். இரகசியம் இல்லாமல் இராஜதந்திரம் நடக்குமா என்பது அடுத்த ஆட்சேபம். நடக்காதுதான். அதனால்தான் 1978ல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் அதிபரின் ஆவணங்களைப் பொதுச் சொத்தாக்கியபோதும், சிலவகைக் கோப்புகளைப் பதவிக்காலம் முடிந்து 12 ஆண்டுகள் வரை மூடிவைக்க இடம் தந்தது. நாட்டின் பாதுகாப்பைத் தொடுபவை அதற்கு மேலும் மூடியே இருக்கலாம். காலம் கடந்தாவது திறக்க வேண்டும் என்பதே என் வாதம்.

திறந்ததால் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கறுப்பினப் படைவீரர்களைத் தங்கள் மண்ணுக்கு அனுப்பக் கூடாது என்று ஐஸ்லாந்து அரசு இரகசியமாகக் கேட்டது. அமெரிக்காவும் பல ஆண்டுகள் அதற்கு இணங்கியது. இரு அரசுகளுமே இதைத் தம் மக்களுக்குச் சொல்லவில்லை. பேரத்தில் சிறிய நாடு சாமர்த்தியமாக இருந்தது என்று மெச்சும் நாம், அதே பேரத்தில் யாருடைய மானம் விலைபோனது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் காட்டுவது அந்தக் கோப்புகள்தான். மக்கள் பெயரால் பேசி முடித்ததை மக்கள் படிக்க முடியாதென்றால், அந்த நட்பு ஆட்சியாளர்களுக்கு மட்டுமே சொந்தமாகிவிடும்.