கூடி எழுதும் விதம்
(திருவக்கரையில் கல்லூரி மாணவர்களிடையே பேசியது)



நாலு பேர் சேர்ந்து எழுதுவது என்றால் நம் கல்லூரிகளில் நடப்பது என்ன? நடை நன்றாக வருகிற ஒருவர் எழுதுவார்; மற்ற மூவரும் பெயரைச் சேர்த்துக் கொள்வார்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் படித்த வீட்டுப் பிள்ளையாயிருப்பார். குடும்பத்திலேயே முதன்முதல் கல்லூரிக்கு வந்தவரோ, "நமக்கெங்கே எழுத வரும்" என்று ஒதுங்கிக் கொள்வார். பாட்டனைப் பார்த்துப் பிறர் சொன்ன சொல்லைப் பேரன் தனக்குத்தானே சொல்லிக் கொள்கிறான். ஆகவே நாம் செய்ய வேண்டிய முதல் ஏற்பாடு, நடை தெரிந்தவர் கையில் பேனாவைக் கடைசியாகக் கொடுப்பதேயாகும்.

இத்தாலி தேசத்தில் பார்பியானா என்னும் மலைக் கிராமத்துப் பள்ளியில் எட்டுப் பையன்கள் சேர்ந்து ஒரு புஸ்தகம் எழுதி 1967-இல் வெளியிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளைப் பரீட்சையில் தவறச் செய்து வெளியே தள்ளுவது என்ன நியாயம் என்று ஓர் உபாத்தியாயினியைக் கேட்கும் கடிதம் அது. அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் மிலானி என்ற பாதிரியார். (பாதிரியார் என்பதற்காக நல்ல முறையை நாம் தள்ளிவிட வேண்டியதில்லை.) ஒவ்வொருவனும் தனக்குத் தோன்றியதைத் துண்டுச் சீட்டில் எழுதுவான், ஒரு சீட்டுக்கு ஓர் எண்ணம். பிறகு எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, ஒத்தவற்றைச் சேர்த்து, இரட்டித்ததை நீக்கி, வரிசைப்படுத்தி, அதற்கப்புறமே வாக்கியம் அமைப்பார்கள். சீட்டுக்கு ஜாதியும் கிடையாது, மார்க்கும் கிடையாது.

இன்று காலை நீங்களும் இங்குள்ள கல்மரங்களிடையே சீட்டும் கையுமாகச் சுற்றினீர்கள். வக்கிராசுரனுடைய எலும்பு என்ற ஊர்க்கதையைச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகா 1940-இல் பூங்காவாக்கியது, மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டு என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். பின்னது உண்மைதான், ஆனாலும் இரண்டும் பிறர் சொல்லக் கேட்டது. வேறொரு சீட்டில், "கிளை ஒன்றைக்கூடக் காணோம்" என்றிருக்கிறது. இன்னொன்றில், "வேருமில்லை, பட்டையுமில்லை." மூன்றாவது சீட்டுக்காரர், "சங்கராபரணி வெள்ளத்தில் உருண்டு வரும் கட்டையும் இப்படித்தானிருக்கும்" என்கிறார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இம்மரங்கள் இங்கு முளைத்தவையல்ல, வெள்ளம் அடித்து வந்து புதைத்தவை என்று நிபுணர்கள் கண்ட முடிவு உங்கள் மேஜைக்கே வந்து சேருகிறது! மூவரில் எவரும் தனியாக அதைக் கண்டவரல்ல.

ஊர்க்கதைச் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். சொன்னது யார் என்று குறித்துக் கதையாகவே போடுங்கள். அபிப்பிராயம் மாறுபட்டால் கைதூக்கச் சொல்லித் தீர்மானிப்பது கூடாது, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். எழுதி முடித்ததைப் பள்ளிக்கூடம் அதிகம் போகாத இவ்வூரார் நாலு பேருக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் முகம் சுளித்த இடத்தைத் திருத்துங்கள். பார்பியானாப் பையன்களும் அதிகம் படிக்காதவர்களையே கூப்பிட்டுச் சோதித்தார்கள்.

மூன்றாவது சீட்டு எழுதிய தோழர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மேஜைக்கு வந்து முதலில் வாசிக்கட்டும்.