மலையில் இணையம் விட்டுப்போனால்...

நேயர்களே, கேமரன் மலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு முதல் வகை நீரிழிவு வந்தால், 'இனிப்பு அதிகம் கொடுத்தீர்களா?' என்று தாயைக் கேட்காதீர்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருவது இது. 1922-இல் டொரோண்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். இன்றோ, கையில் ஒட்டிய உணர்கருவி புளூடூத் வழியே கைப்பேசிச் செயலிக்குச் சீனி அளவைச் சொல்கிறது. 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் ஒலி எழுப்பும்படி வைக்கலாம். இணையம் இல்லாத இடத்திலும் பிள்ளையின் கைப்பேசி ஒலிக்கும். ஆனால் கொழுந்து பறிக்கும் தாய்க்குச் செய்தி போகாது. ஆகவே ஆசிரியரிடமும் பக்கத்து இருக்கைத் தோழனிடமும் சொல்லி வையுங்கள்: உடனே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுபரிசோதனை. மயங்கிவிட்டால் எதையும் ஊட்டாமல் தானா ராத்தா மருத்துவமனைக்கு விரையுங்கள். செயலி எச்சரிக்கும், காப்பாற்றுவது அருகில் இருப்பவர்தான்.