எடை குறைப்புச் சத்திரசிகிச்சையின் பின் விற்றமின் குளிசைகளைத் தெரிந்தெடுத்தல்

(நூற்றாண்டு விழா வாரத்தில், பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம் கேட்டது "சமச்சீர் உணவு" பற்றிப் பேசும்படிதான். அந்தத் தலைப்பில் மனையியல் ரீச்சர் எங்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லித் தந்துவிட்டார். நான் லண்டனில் ஒரு பார்மசியில் நெடுங்காலமாக வேலை செய்கிறவள். சென்ற முறை அங்கே எங்கள் கிளையின் ஒன்றுகூடலில் மூன்று பேர் தனித்தனியாக என்னை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மூன்று பேரும் எடை குறைப்புச் சத்திரசிகிச்சை செய்தவர்கள். மூன்று பேருக்கும் மற்ற இருவரைப் பற்றித் தெரியாது. ஆகவே தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டேன். செயலாளர் கொஞ்சம் யோசித்துத்தான் தந்தார்.

முதலில் ஒரு கதை. என் வகுப்புத் தோழி ஒருத்தியுடையது. அவளுடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். ஒரு நாள் தொலைபேசி எடுத்து, "நீர் பார்மசியில்தானே நிக்கிறீர், எனக்கு ஒரு நல்ல விற்றமின் சொல்லும்" என்றாள். நான் எங்கள் கடையில் நன்றாக விற்கும் இனிப்பு ஜெலி விற்றமின் போத்தல் ஒன்றின் பெயரைச் சொன்னேன். ஏன் கேட்கிறீர், என்ன வருத்தம், வேறு என்ன மருந்து எடுக்கிறீர் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைக்கு வரும் முன்பின் தெரியாத ஒருவரிடம் கட்டாயம் கேட்டிருப்பேன். சிநேகிதி என்றபடியால் கேட்கவில்லை. அவள் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்து அப்போது மூன்று மாதம். கணவரையும் மகளையும் தவிர ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

நாலு வருடம் கழிந்தது. கால் விரல்கள் விறைக்கத் தொடங்கின. ஒரு நாள் செருப்புக் கழன்றது தெரியாமல் நடந்து வந்திருக்கிறாள். "சீனி வருத்தத்தின் மிச்சம்" என்றார்கள் வீட்டில். சத்திரசிகிச்சைக்கு முன் அவளுக்கு நீரிழிவு இருந்தது, பல வருடம் மெற்போமின் எடுத்தவள். எடை இறங்கியதும் சீனி கட்டுப்பட்டுவிட்டது. பிறகு இருட்டில் நடக்கத் தள்ளாடினாள். கடைசியில் ஒரு இளம் டொக்டர் இரத்தப் பரிசோதனை செய்தபோதுதான் பி12 அடிமட்டத்தில் இருந்தது தெரிந்தது. ஊசி போட்டார்கள். களைப்புப் போனது, இரத்தச்சோகை போனது. கால் விறைப்பு முழுதாகப் போகவில்லை. நரம்பு நெடுநாள் பட்டினி கிடந்தால் எல்லாம் திரும்பி வரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

அந்தப் போத்தலின் விபரச்சீட்டில் பி12 க்கு நேரே "100 வீதம்" என்று இருந்தது. அது பொய் இல்லை. அந்த நூறு யாருக்கு என்பதுதான் கேள்வி.

இரைப்பை முழுதாக உள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய பி12 ஏறக்குறைய இரண்டரை மைக்ரோகிராம். இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் இருக்கும் பி12 ஐப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலம் வேண்டும். பிரித்ததைக் கைபிடித்துச் சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கூட்டிச்செல்ல, இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். இப்போது பெரும்பாலும் செய்யப்படும் முறையில் இரைப்பையின் நாலில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் போன்ற குழாயை மட்டும் விடுகிறார்கள். மற்ற முறையான பைபாசில் முட்டையளவு பையை மட்டும் வைத்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைக்கிறார்கள். இரண்டிலும் அமிலமும் அந்த வழித்துணைப் புரதமும் குறைந்துபோகின்றன. துணையில்லாமல் தானாக உடலுக்குள் கசிந்து போவது எடுத்த அளவில் நூற்றுக்கு ஒரு பங்குதான். கணக்கை நீங்களே பாருங்கள். இரண்டரை மைக்ரோகிராமில் நூறில் ஒன்று என்ன? அதனால்தான் இந்தச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு 350 முதல் 1000 மைக்ரோகிராம் வரை குளிசையாக, அல்லது ஊசியாகக் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. பி12 ஈரலில் வருடக்கணக்கில் சேமிப்பில் இருக்கும். முதல் இரண்டு வருடம் ஒன்றும் தெரியாது. "குளிசை இல்லாமலே நல்லாய்த்தானே இருக்கிறன்" என்று நினைக்கும் காலத்தில்தான் வங்கிக் கணக்கு வெறுமையாகிக்கொண்டிருக்கும். சத்திரசிகிச்சை நிலையத்தின் நேரடிக் கவனிப்பும் பல இடங்களில் இரண்டு வருடத்தோடு முடிந்து, குடும்ப வைத்தியரிடம் பொறுப்புப் போய்விடும். தாவர உணவில் பி12 இல்லை என்பதையும் சைவ உணவுக்காரர் நினைவில் வைக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாள் மச்சம் விடுவதால் ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம். வருடம் முழுவதும் சைவம் என்றால் டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

பி12 ஆறுதலாக வஞ்சிக்கும். பி1, அதாவது தயமின், அவசரமாக வஞ்சிக்கும். அதன் சேமிப்பு இரண்டு மூன்று கிழமைக்குத்தான் காணும். இந்தக் குறை நோயின் பெயரான பெரிபெரி என்பதே, இயலாமையைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்று அகராதிகள் சொல்கின்றன. தீட்டிய பச்சையரிசி உண்ட இடங்களில் அந்த நோய் வந்தது, புழுங்கலரிசி உண்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். நெல்லைப் புழுக்கும்போது உமியோடும் தவிட்டோடும் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடும். எங்கள் அம்மம்மாமார் நெல் அவித்ததற்கு இப்படியும் ஒரு பயன் இருந்தது.

சத்திரசிகிச்சை செய்த ஒருவர் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சத்தி எடுத்தால், அது சும்மா வயிற்றுக்கோளாறு என்று இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய், முதல் வசனமாக "எனக்கு இரைப்பையில் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது" என்று சொல்ல வேண்டும். குளுக்கோஸ் கலந்த சேலைன் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுக்க வேண்டும். தயமின் இல்லாத உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு வரலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, தள்ளாட்டம், தடுமாற்றமான பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று சத்திரசிகிச்சையை மறைப்பது உங்கள் விருப்பம். சேலைன் ஏற்றுகிறவருக்கு மறைப்பது உயிரோடு விளையாடுவது.

சரி, கடையில் எந்தப் போத்தலை எடுப்பது?

இனிப்பு ஜெலி வகையை வைத்துவிட்டு வாருங்கள். பெரும்பாலானவற்றில் இரும்பு இல்லை, பலவற்றில் தயமினும் செம்பும் இல்லை. தோலில் ஒட்டும் பட்டிகளையும் நான் சிபாரிசு செய்வதில்லை. அவற்றால் போதிய அளவு உள்ளே போகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. முதல் சில வாரங்களுக்குச் சப்பும் வகையோ கரையும் வகையோ நல்லது, பிறகு சாதாரணக் குளிசை விழுங்கலாம். இதற்கென்றே தயாரித்த விசேட மல்ரிவிற்றமின்கள் உள்ளன. வெளிநாட்டில் வாங்கலாம், இங்கே கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை கையைச் சுடும். அதற்காக மனம் தளர வேண்டாம். தாதுக்களும் சேர்ந்த சாதாரண மல்ரிவிற்றமினை நாளுக்கு இரண்டாக எடுத்து, கல்சியம், விற்றமின் டி, இரும்பு, பி12 ஆகியவற்றைத் தனியே சேர்த்தும் பல வைத்தியர்கள் சமாளிக்கிறார்கள். எதை எத்தனை என்பதை உங்கள் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் தங்கைமார் மட்டும் இந்த இரட்டிப்பைத் தாங்களாகச் செய்யக் கூடாது. ரெற்றினோல் வடிவிலுள்ள விற்றமின் ஏ கூடினால் கருவுக்குக் கேடு. அவர்களுக்கு பீற்றா கரோற்றின் வடிவம் வேண்டும். சத்திரசிகிச்சையின் பின் ஒரு வருடம் தொடக்கம் ஒன்றரை வருடம் வரை கருத்தரிக்காமல் இருக்கும்படியும் சொல்வார்கள்.

கல்சியத்தில் கார்பனேற்று, சிற்றிரேற்று என்று இரண்டு வகை. மலிவானது கார்பனேற்று. ஆனால் அது கரைய அமிலம் வேண்டும், எங்களிடம் குறைந்துபோனதும் அதுதான். நெஞ்செரிவுக்கு ஒமெப்பிரசோல் எடுக்கிறவர்களுக்கு இன்னும் மோசம். சிற்றிரேற்று வகைக்கு அமிலம் தேவையில்லை. போத்தலில் பெரிய எழுத்தில் இருக்கும் 1250 மில்லிகிராமைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது கார்பனேற்றின் நிறை. உள்ளே உள்ள கல்சியம் 500 மில்லிகிராம்தான். உணவோடு சேர்த்து நாளுக்கு 1200 முதல் 1500 வரை தேவை. ஒரே தரத்தில் 500, 600க்கு மேல் உடல் ஏற்காது. ஆகவே பிரித்துத்தான் எடுக்க வேண்டும். விற்றமின் டி நாளுக்கு 3000 யூனிற் என்பது வழக்கமான தொடக்க அளவு. பனி நாட்டில் வாழ்கிற, எங்கள் நிறத் தோலுள்ளவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே அது குறைவாகத்தான் இருக்கும்.

இரும்பு விடயத்தில் எங்களுக்கு ஒரு எதிரி உண்டு. தேத்தண்ணி. காலையில் குளிசை போட்டு, அதன்மேல் சாயம் கூடின பிளேன்ரீ குடித்தால் இரும்பில் பெரும்பகுதி தேயிலைச் சாயத்தோடு போய்விடும். குளிசைக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணித்தியாலம் தேத்தண்ணியைத் தள்ளி வையுங்கள். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் நல்லது. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு நாளுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு வேண்டும். இங்கேயும் எண்ணைப் பார்க்க வேண்டும்: 200 மில்லிகிராம் பெரஸ் சல்பேற்றில் இரும்பு 65, 300 மில்லிகிராம் பெரஸ் குளுக்கோனேற்றில் 35 தான். கல்சியமும் இரும்பும் ஒன்றையொன்று மறிக்கும், இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் அதிலிருந்து இரண்டையும் நாலு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். ஒரு நாளில் இத்தனை மணிக்கூட்டுக் கணக்கா என்று கேட்பீர்கள். பாடசாலை நேரசூசி எட்டுப் பாடத்துக்குப் போட்டவர்கள் நாங்கள்.

நாகம், செம்பு பற்றி ஒரு வசனம் போதும். தலைமயிர் கொட்டுகிறது என்று நாகத்தை மட்டும் அள்ளிப் போட்டால் செம்பு இறங்கும், செம்புக் குறைவும் பி12 போலவே கால் நரம்பைத் தாக்கும்.

மயிர் என்றதும் சபை நிமிர்ந்து உட்காருகிறது! மூன்றாம் நாலாம் மாதத்தில் கொட்டுவது, எடை வேகமாக இறங்கிய அதிர்ச்சியால். பெரும்பாலும் தானாக நிற்கும், திரும்ப முளைக்கும். நாளுக்கு 60 கிராம் புரதமாவது போக வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் என்பதால் அது இலேசான வேலை இல்லை. பயோற்றின் போத்தல்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள். அது தைரொயிட், மாரடைப்புக்கான இரத்தப் பரிசோதனைகளின் முடிவைப் பிழையாகக் காட்டச் செய்யும். ஏற்கெனவே எடுக்கிறவர்கள் இரத்தம் கொடுக்கும்போது சொல்லுங்கள்.

முருங்கையிலை வறையும் குரக்கன் பிட்டும் நெத்தலியும் காணாதா என்று ஒரு அக்கா தேநீர் இடைவேளையில் கேட்டார். அருமையான சாப்பாடு, கட்டாயம் சாப்பிடுங்கள். ஆனால் சின்னப் பையில் எத்தனை கரண்டி வறை கொள்ளும்? கூட்டுறை மருந்துகளில் மாட்டு, பன்றி ஜெலற்றின் இருக்குமே என்று இன்னொருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விபரச்சீட்டில் பாருங்கள், தாவரக் கூட்டுறை உள்ளவையும் உண்டு. விற்றமின் டி3 பெரும்பாலும் செம்மறி மயிர்க் கொழுப்பிலிருந்து வருவது, பாசியிலிருந்து எடுப்பதும் கிடைக்கிறது.

முதல் வருடம் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களிலும் பிறகு வருடம் ஒருமுறை ஆயுள் முழுவதும் இரத்தப் பரிசோதனை வேண்டும். பெரிற்றின், பி12, போலேற், விற்றமின் டி, கல்சியம், பரதைரொயிட் ஹோர்மோன் என்று ஒரு துண்டில் எழுதிக் கைப்பைக்குள் வையுங்கள். வேறு நாட்டுக்குக் குடிபோனாலும் அந்தத் துண்டு கூட வரட்டும்.

என் தோழி இப்போது இருட்டில் நடக்கும்போது மகளின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். என்னோடு கோபமில்லை என்கிறாள். நான் இப்போது சிநேகிதிகளிடமும் எல்லாக் கேள்வியும் கேட்கிறேன், சிலருக்கு அது பிடிப்பதில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிவரை பழைய மனையியல் அறையில் இருப்பேன். போத்தல்களைக் கொண்டுவந்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள், விபரச்சீட்டைச் சேர்ந்து வாசிப்போம். ஒவ்வொருவராக வரலாம். கதவுக்கு இப்போது புதுக் கொளுக்கி போட்டிருக்கிறார்கள், உள்ளுக்குள் சாத்தலாம்.