எஃகின் மாற்று அறிதல்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொன்னை உரைகல்லில் உரைத்து, மாற்று அறிந்த பின்னரே கைக்கொள்ளுதல் நம் மரபினர் தொன்றுதொட்டுப் போற்றிவரும் ஒழுக்கமாகும். பொன் என்னும் பெயரைக் கேட்ட அளவிலே எந்தக் கம்மியனும் விலை கொடுத்திலன். அங்ஙனமிருக்க, கோயம்புத்தூர் முதலிய ஊர்களிற் கடைசல் பட்டறை நடத்தும் நம் இளைஞர் சிலர், 304 என்னும் எண்ணைக் கேட்ட அளவிலே எஃகுக் கோலை வாங்கி எந்திரத்தில் மாட்டிவிடுகின்றனர். இலக்கணம் கற்பிக்கும் எமக்கு இதில் என்ன வேலையென வினவலாம். ஒரு சொல் பல பொருள் தரும் என்பதை அன்றாடம் பிள்ளைகட்கு உரைப்பவர் யாம். ஓர் எண் பல பொருள் தருதலையும் உரைத்தல் எம் கடனேயாம்.

இல்லங்களில் எவர்சில்வர் எனப்படும் துருவேறா எஃகை, 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பார், நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு குரோமியம் கலந்து வார்த்தார். குரோமியம் காற்றோடு கூடி மிக மெல்லிய போர்வையாகி எஃகைக் காக்கின்றது. 304 எனப்படுவதில் குரோமியம் 18 பங்கையும் நிக்கல் 8 பங்கையும் ஒட்டி நிற்கும். 316 எனப்படுவதில் 2 முதல் 3 பங்கு மாலிப்டினமும் சேர்தலின், அஃது உப்புநீரை இன்னும் நன்றாகத் தாங்கும்.

இனி நுட்பத்திற்கு வருவோம். 304இல் கந்தகம் நூற்றுக்கு 0.030 பங்கு வரை இருக்கலாம் என்பது விதி. ஒரு கோலில் 0.005, மற்றொன்றில் 0.025 இருப்பினும் இரண்டும் விதிக்கு உட்பட்டனவே. ஆயினும் கடையுங்கால் இரண்டும் ஒன்றல்ல. கந்தகம் மாங்கனீஸுடன் கூடிச் சிறு துகள்களாய் எஃகினுள் நிற்றலின் சீவல் ஒடிந்து விழும். அது மிகக் குறைந்தவிடத்துச் சீவல் நீண்ட சுருளாகி உளியைச் சுற்றும். இதனாலன்றோ 303 என்னும் வகையிற் கந்தகத்தை 0.15 பங்கிற்குக் குறையாமற் சேர்க்கின்றனர்! எனினும் 303 துருவைத் தாங்குதலிலும் பற்றவைத்தலிலும் தாழ்ந்தது; ஆதலின் வாங்குவோர் இசைவின்றி 304க்கு ஈடாக அதனை இடுதல் வஞ்சனையேயாம்.

பழைய லேத்தில் தொழிலாளியின் கை கோலின் தன்மையை உணர்ந்து உளியின் வேகத்தை மாற்றும். சி.என்.சி. எந்திரமோ தன்னிடம் எழுதி வைத்த கட்டளையையே இரவு முழுதும் செய்யும். ஆகவே கோல் மெல்லியதாயிருத்தலினும், முதற்கோல் போலவே நூறாங்கோலும் இருத்தல் இன்றியமையாதது.

பருமனும் அவ்வாறே. 20 மில்லிமீட்டர் என்னும் பெயருடைய கோல் எச்-9 தரமாயின் 52 மைக்ரான் வரை குறைந்திருக்கலாம். எச்-7 ஆயின் 21 மைக்ரானுக்கு மேற் குறையலாகாது. முன்னது பல வேலைகட்குப் போதும். கோலையே வழிகாட்டியிற் செலுத்தி நுண்ணுறுப்புக் கடையும் எந்திரத்திற்குச் சாணைபிடித்த பின்னதே வேண்டும். அன்றியும், குளிர்நிலையில் இழுத்த கோலினுள் அழுத்தம் அடங்கி நிற்கும். ஒருபுறம் மட்டும் சீவின், அது விடுபட்டுக் கோல் வளையும். நீண்ட உறுப்புச் செய்வோர் இதனை மறவாதிருக்க.

காந்தத்தை வைத்துப் பார்த்து "ஒட்டவில்லை, நல்ல 304" என்பாரும் உளர். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. குளிர்நிலையில் இழுத்த மெய்யான 304இலோ சிறிது ஒட்டவும் கூடும். ஆதலின் காந்தம் இதற்கு உரைகல் அன்று. கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவி நிக்கலையும் குரோமியத்தையும் நொடியிற் காட்டும், கரியைக் காட்டாது. கரியும் கந்தகமும் அறிய ஸ்பெக்ட்ரோ சோதனையே தக்கது.

ஆகவே இளைஞர்கள் கடைப்பிடிக்க வேண்டுவன நான்கு. ஒன்று, ஆலையின் டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கேட்டுப் பெற்று, கந்தகத்தின் அளவைப் படித்தல். இரண்டு, அதிற் கண்ட ஹீட் நம்பர், அஃதாவது ஒருமுறை உருக்கிய எஃகிற்கு இட்ட எண், கோலிலும் உளதா என நோக்குதல். மூன்று, வேறு வேறு ஹீட் நம்பர்க் கோல்களைக் கலவாது தனித்தனி அடுக்கி, ஒரு வேலையை இயன்றவரை ஒரே ஹீட்டில் முடித்தல். நான்கு, நன்றாகக் கடைந்த கோலின் விவரத்தை ஏட்டிற் குறித்து, அடுத்த முறை அதனையே கேட்டல்.

இதற்குக் காசு மிகுமே என்பீராயின், கணக்கிட்டுப் பார்ப்போம். 200 கிலோ கோலைக் கிலோவிற்கு 10 ரூபாய் குறைத்து ஒருவர் வாங்கினாரென வைத்துக்கொள்வோம். ஆதாயம் 2,000 ரூபாய். அதிற் செய்த 1,000 உறுப்புக்களில் 50 தள்ளப்பட்டு, ஒன்றன் விலை 120 ரூபாயாயின், இழப்பு 6,000 ரூபாய். முறிந்த உளியும் நின்ற எந்திரமும் இக்கணக்கில் வாரா. நம் இளைஞர் பலர் வீட்டையும் நிலத்தையும் ஈடுவைத்து எந்திரம் வாங்கியுள்ளனர். ஒருமுறை சரக்குத் திரும்பி வந்தால் மாதத் தவணை தவறும்; மறுமுறை வந்தால் வாங்குவோரே விலகுவர். மனையாளின் நகையும் பிள்ளையின் படிப்பும் அக்கோலின் மேலே நிற்கின்றன என்றால் அது மிகையன்று.

தனியொருவர் கேட்டால் சர்டிபிகேட் தர வணிகர் சிலர் தயங்குவர். பத்துப் பட்டறையார் ஒன்றுகூடி ஒரே ஹீட்டில் மொத்தமாகக் கேட்பின் எவரும் மறார். இதற்குச் சங்கத்தினும் சிறந்த இடம் யாது? அடுத்த திங்களே பட்டறையார் இங்குக் கூடி இதனை ஆராய்தல் வேண்டுமென யாம் விண்ணப்பிக்கின்றோம்.