விஞ்ஞான் பவனில் பிறந்த சுங்கச் சலுகை



பிழைப்பின் நிமித்தம் வெளி மாநிலங்களில் வாழும் நம்மில் பலர் தலைநகரின் விஞ்ஞான் பவனை வெளியில் நின்றேனும் பார்த்திருப்போம். 1968ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஐக்கிய நாடுகளின் வர்த்தக அபிவிருத்தி மகாநாடு இரண்டாம் முறையாக அங்கே கூடிற்று. நம் வர்த்தக அமைச்சர் தினேஷ் சிங் தலைமை வகித்தார். அர்ஜென்டீனப் பொருளியல் அறிஞர் ரவுல் பிரெபிஷ் செயலாளர் நாயகமாக இருந்தார்.

எல்லா நாட்டுச் சரக்குக்கும் ஒரே தீர்வை என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் நூறாண்டு கண்ட ஆலையும் நேற்றுத் தொடங்கிய ஆலையும் அதே தீர்வையைச் செலுத்தி ஒரே சந்தையில் நின்றால், எதன் சரக்கு விலைபோகும்? ஆகவே, வளரும் நாடுகளின் சரக்குகளுக்குச் செல்வ நாடுகள் கைம்மாறு கேளாமல் தீர்வையைக் குறைத்தல் வேண்டும் என்பதை அம்மகாநாடு ஒருமனதாக ஏற்றது. ஐரோப்பியச் சமூகம் 1971இலும், அமெரிக்கா 1976இலும் இதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தன.

இச்சலுகையின் வலிமையைத் திருப்பூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். சற்று மனக்கசப்போடுதான் சொல்வார்கள். பருத்திப் பனியனுக்கு ஐரோப்பாவின் பொதுத் தீர்வை 12 சதவிகிதம். நமக்குப் பல ஆண்டுகள் கிடைத்த சலுகைத் தீர்வை 9.6 சதவிகிதம். மிகப் பின்தங்கிய நாடு என்ற முறையில் வங்கதேசத்துக்கோ 2001 முதல் தீர்வையே இல்லை. துணி எங்கு நெய்யப்பட்டிருந்தாலும் அங்கே தைத்தால் போதும் என்று 2011இல் விதியையும் தளர்த்தினர். பல லட்சம் பெண்கள் தையல் ஆலைகளில் கூலி பெற்றனர். நம் ஊர்ப் பனியனுக்கு நேர்ந்த இடரை மறைப்பதற்கில்லை. ஆயினும் ஏழை நாடொன்று எழுந்து நிற்க இது துணை செய்ததை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது இச்சலுகையின் குறை. 2017இல் சுமார் 560 கோடி டாலர் பெறுமான இந்தியச் சரக்கு அமெரிக்காவுக்குள் இவ்வழியே சென்றது. 2019 ஜூன் 5ஆம் நாள் அச்சலுகை நின்றது. நம் சந்தையை அவர்களுக்குப் போதிய அளவு திறந்துவிடவில்லையாம்! கைம்மாறு கேளாத சலுகை என்றல்லவா தில்லியில் பேசினார்கள்!

வாங்கியவர்களாகிய நாம் கொடுப்பவர்களாகவும் ஆனோம். 2008 ஏப்ரலில், தில்லியில் நடைபெற்ற இந்திய-ஆப்பிரிக்க உச்சி மகாநாட்டில், மிகப் பின்தங்கிய நாடுகளுக்குத் தீர்வைச் சலுகை அளிப்பதாகப் பிரதமர் மன்மோகன் சிங் அறிவித்தார். ஆயத்த ஆடையும் முந்திரியும் அவர் குறிப்பிட்ட சரக்குகளில் அடங்கும். ஆப்பிரிக்க முந்திரிக்கொட்டை கொல்லத்துக்கும் பண்ருட்டிக்கும் வந்து சேர்கிறது. அதை வறுத்து, உடைத்து, பருப்பெடுக்கும் கூலி மட்டும் விளைந்த நாட்டுக்குப் போகாமல் பெரும்பாலும் நம்மிடமும் வியட்நாமிடமும் தங்கிவிடுகிறது.