ஒரே நாளில் தஞ்சாவூர்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

(சுற்றுலா செல்லவிருக்கும் குழு உறுப்பினர்களிடம், கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் தீர்மானம் போட்டபடி தஞ்சாவூருக்கு ஒரு நாள் போய் வரப் போகிறோம். வாரம் 20 ரூபாய் வீதம் 25 வாரம், சேமிப்பு போக தனியாக எடுத்து வைத்ததில் ஆளுக்கு 500 ரூபாய் சேர்ந்திருக்கிறது. களை எடுத்த கூலியிலும் பால் ஊற்றிய காசிலும் மிச்சம் பிடித்த பணம் அது. நம் உறுப்பினர்களில் சந்தை, ஆஸ்பத்திரி, தாய்வீடு இந்த மூன்றையும் தவிர வேறு எங்கும் போகாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த பயணம் எப்போது வாய்க்குமோ தெரியாது. அதனால இந்த ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறது என்று கொஞ்சம் யோசித்துக்கொண்டே கிளம்புவோம்.

குழுக்களிடமிருந்து வந்த பட்டியலைப் பார்த்தோம். பெரிய கோயில், அரண்மனை, கல்லணை, சுவாமிமலை, தாராசுரம், கும்பகோணம், கடைசியில் வேளாங்கண்ணி! தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போக மட்டுமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இத்தனையும் ஒரே நாளில் என்றால் வேன் சீட்டைத்தான் பார்த்துவிட்டு வருவோம். இறங்கு, கும்பிடு, ஏறு என்று விரட்டினால் சாயங்காலம் கால்வலிதான் மிஞ்சும். ஆகவே எங்கள் யோசனை இதுதான். பெரிய கோயில், அரண்மனை, கடைத்தெரு. இந்த மூன்று போதும். மற்ற ஊர்கள் எங்கேயும் ஓடிப்போய்விடாது.

விடியும் முன்னால் கிளம்பி காலை 7 மணிக்கெல்லாம் கோயில் வாசலில் இருக்க வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது. மதியம் நடை சாத்தினால் மறுபடி மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அதோடு உள்ளே பெரிய கல் தளம். செருப்பை வெளியிலேயே விட்டுவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்தக் கல்லில் கால் வைக்க முடியாது, சூடு அப்படி. மூட்டுவலி உள்ள அக்காமார் கட்டாயம் காலையிலேயே சுற்றி முடித்துவிட வேண்டும்.

கோயிலைப் பற்றி நாலு வார்த்தை. ராஜராஜ சோழன் கட்டியது. 1010ஆம் ஆண்டு முடிந்தது, ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. விமானத்தின் உயரம் ஏறத்தாழ 216 அடி. நந்தி ஒரே கல். ஆனால் அது சோழர் காலத்தது இல்லை, பிறகு வந்த நாயக்கர் காலத்தது. கோபுர நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். காலை வெயிலில் நாமே நின்று பார்க்கலாம், நிழல் நன்றாகவே விழும்.

சாமி கும்பிட்டதும் கிளம்பிவிடாமல் விமானத்தின் அடிப்பகுதிச் சுவரை ஒரு சுற்று பார்க்கச் சொல்கிறோம். அங்கே வரிவரியாக எழுத்து வெட்டியிருக்கிறது. பழைய தமிழ் எழுத்து என்பதால் நம்மால் படிக்க வராது. ஆனால் அறிஞர்கள் படித்து அச்சிட்டுவிட்டார்கள். அதில் நமக்கு வேண்டிய சங்கதி நிறைய இருக்கிறது. ராஜா கொடுத்தது மட்டுமல்ல, அவருடைய அக்கா குந்தவை கொடுத்தது, ராணிகள் கொடுத்தது எல்லாம் எழுதியிருக்கிறது. எந்த நகை, என்ன எடை, எத்தனை முத்து என்பது வரை கணக்கு. குந்தவை தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செப்புப் படிமம் செய்து வைத்த விவரமும் உண்டு. கொடுத்தவர் பெண் என்பதால் பெயரை விட்டுவிடவில்லை.

இன்னொரு கல்வெட்டில் 400 பெண்களின் பெயர் இருக்கிறது. கோயிலில் ஆடல் பணிக்காக வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டு வந்து குடியமர்த்தப்பட்டவர்கள். யார், எந்த ஊரிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனாவது வீடு என்று ஒவ்வொருத்திக்கும் எழுதியிருக்கிறது. ஒரு வீடும், வருஷத்துக்கு 100 கலம் நெல்லும் பங்கு. அவர்கள் விரும்பி வந்தார்களா, வரச்சொல்லி வந்தார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. நாம்தான் அதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இப்போ நம்ம வட்டிக் கணக்குக்கு வருவோம். கோயிலுக்கு வந்த காசைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்து, வரும் வட்டியில் கோயில் செலவைப் பார்த்தார்கள். வட்டி எவ்வளவு? ஒரு காசுக்கு வருஷம் அரைக்கால் காசு. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. மாதக் கணக்கில் பார்த்தால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் சொச்சம். நம்ம குழுக்களில் இரண்டு ரூபாய் வட்டி வாங்குகிற குழுவும் இருக்கிறது! திரும்பி வந்ததும் இதைப் பற்றி ஒரு கூட்டம் போடலாம் என்று நினைக்கிறோம். கடன் கொடுத்தது யார், வாங்கியது யார், எவ்வளவு என்று எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் வெட்டி வைத்தார்கள் பாருங்கள், அதையும் நம் கணக்கு நோட்டை எழுதுகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம்மில் சிலருடைய பாட்டிமார் கோயில்களுக்கு வெளியே நின்று கும்பிட்டவர்கள். எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்ற ஆலய நுழைவுச் சட்டம் சென்னை மாகாணம் முழுமைக்கும் 1947இல்தான் வந்தது. அதனால் போகும்போது காலனி குழு தனி வேன், ஊர்க் குழு தனி வேன் என்ற பேச்சு வேண்டாம். இரண்டு வேனிலும் கலந்துதான் உட்கார வேண்டும். கட்டுச்சோறும் கலந்தே பிரிப்போம். இதில் விருப்பமில்லாதவர்கள் முன்னதாகவே சொல்லிவிட்டால் நல்லது.

அரண்மனை அங்கிருந்து அதிக தூரமில்லை. டிக்கெட் உண்டு. உள்ளே கலைக்கூடத்தில் சோழர் காலத்துச் செப்புச் சிலைகளைக் கிட்ட நின்று பார்க்கலாம். கோயிலில் பட்டும் பூவும் மூடியிருக்கும், இங்கே வேலைப்பாடு முழுசாகத் தெரியும். பக்கத்தில் சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம். ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. சரபோஜி மன்னர் காலத்தில், அதாவது 200 வருஷத்துக்கு முன், கண் வைத்தியம் செய்துகொண்டவர்களின் கண்ணைப் படமாக வரைந்து குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். கண்புரை ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப் போடுகிற அக்காமார் கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறை நாள் எது என்று முன்கூட்டியே போனில் விசாரித்துத்தான் தேதி குறிக்க வேண்டும்.

கடைத்தெருவில் தலையாட்டி பொம்மை வாங்கலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அடி கனமாக இருப்பதால் எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். முதல் கடையிலேயே வாங்காமல் நாலு கடை விலை கேளுங்கள். பொம்மை, தட்டு செய்கிறவர்களிடம் மூலப்பொருள் என்ன விலை, யாருக்கு விற்கிறார்கள் என்று தொழில் செய்கிற உறுப்பினர்கள் விசாரியுங்கள். சுற்றுலா என்றாலும் விசாரிக்கக் காசு கேட்கமாட்டார்கள்.

பொதுவான சில விஷயங்கள். பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர். போன் இல்லாதவர்கள் ஒரு சீட்டில் பொறுப்பாளரின் போன் நம்பரை எழுதி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பிரிந்துவிட்டால் தேடி அலையாமல் நந்தி முன்னால் வந்து நில்லுங்கள். கழிப்பறை எங்கே என்று இறங்கியவுடன் பொறுப்பாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். பாத்ரூம் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க இருப்பது நம் பெண்களின் வழக்கம், அது வேண்டாம். பிரஷர், சுகர் மாத்திரையை வேனில் விட்டுவிடாமல் கையிலேயே வைத்திருங்கள்.

"வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று எட்டுப் பேர் சொல்லியிருக்கிறீர்கள். மாமியாரிடமோ வீட்டுக்காரரிடமோ நாங்கள் வந்து பேச வேண்டுமானால் தயங்காமல் சொல்லுங்கள், வருகிறோம். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, பிள்ளைகளைப் பார்க்க, வராத உறுப்பினர்கள் ஒரு நாள் உதவுவதாக மூன்று குழுக்கள் தீர்மானமே போட்டிருக்கின்றன. மற்ற குழுக்களும் பேசி முடிவெடுத்து, பெயர்ப் பட்டியலை அடுத்த கூட்டத்துக்கு முன் ஊக்குநரிடம் கொடுத்துவிடுங்கள். வேனுக்கு முன்பணம் கட்ட வேண்டும்.